உட்கார்ந்து பார்க்கும் வேலை

சென்னை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதில் ஒன்றைக்கூட சம்பூர்ணம் விட்டுவிடவில்லை.

பத்து நாளைக்கு அதிகம் நடக்கக் கூடாது என்றார்கள். அவள் கணவன் முனிரத்தினத்தைக் கொல்லைப்புறம் வரைக்கும்கூட நடக்க விடவில்லை. அவளும் பக்கத்து வீட்டு வீரபாகுவும் பிளாஸ்டிக் நாற்காலியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். குந்தி உட்காரக் கூடாது என்றார்கள். வீரபாகு பழைய மர நாற்காலி ஒன்றின் நடுப்பலகையை அறுத்தெடுத்துக் கழிப்பறையில் போட்டான். படி ஏறக் கூடாது என்றார்கள். வீட்டுக்கு இருந்ததே வாசல்படி இரண்டு. அதிலும் அவர் கால் படவில்லை. கனம் தூக்கக் கூடாது என்றார்கள். தண்ணீர்ச் சொம்பை அவளே வாயருகில் பிடித்தாள்.

"சொம்பு ஒரு கனமாடி? வுட்டா சோறே ஊட்டிடுவ போலக்குது" என்று அவர் சிரித்தார்.

அவர் சிரித்து முடித்த பிறகு மூச்சு வாங்கவில்லை. அதைத்தான் அவள் கவனித்தாள்.

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவர் இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கி வைத்துவிட்டுப் போயிருந்தது. ஐம்பது வயதுக்கு மேல்தான் அது தன் வேலையைக் காட்டியது. மூன்று வருஷமாக நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது. படுத்தால் இருமல். நெஞ்சைத் திறக்காமலே சரிசெய்யலாம் என்று சென்னை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வலது தொடை இடுக்கில் துளை போட்டு, ரத்தக்குழாய் வழியாகவே இதயம் வரைக்கும் போய், வால்வுக்குள் ஒரு பலூனை ஊதி விரித்தார்கள். எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. குழாயை உருவிய பிறகு இளவயது டாக்டர் ஒருவர் துளை போட்ட இடத்தை இருபது நிமிஷம் கையால் அழுத்திக்கொண்டு நின்றார். அப்புறம் அதன்மேல் ஒரு மணல் மூட்டையை வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கிளம்பும்போது நர்ஸ் ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னாள். சம்பூர்ணமும் கூடவே மடக்கினாள். கடைசியில் கேட்டாள்.

"வேலைக்கு எப்பம்மா போலாம்?"

"என்ன வேலை?"

"உக்காந்து பாக்கற வேலைதாம்மா."

"அப்படின்னா ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்துட்டுப் பார்க்கலாம். ஒண்ணும் பயமில்ல."

இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் காலை முனிரத்தினம் தறியைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவு நூல் ஈரம் குடித்துத் தொய்ந்து கிடந்தது. ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை.

"மூச்சு நல்லாக்குது, சம்பூர்ணம். ஒரு முழம் போட்டுப் பாக்கட்டா?"

அவளும் வீரபாகுவும் அவரை நாற்காலியோடு தூக்கித் தறிக்குழியின் ஓரத்தில் வைத்தார்கள். அவர் இரண்டு கையையும் ஊன்றிக் காலைக் குழிக்குள் இறக்கினார். அவள் அக்குளில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். ஒரு அடிகூட நடக்கவில்லை. குந்தவில்லை. சேலைக் கரைக்கான நூல் சுற்றிய நாடாக் கட்டையைத் தள்ள அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் வலது காலால் குழிக்குள் இருந்த மிதிப்பலகையை அழுத்தினார். பிறகு இடது காலால். பிறகு மறுபடியும் வலது.

முன்பெல்லாம் குறுக்கே பத்து இழை ஊடு போட்டால் நிறுத்தி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கூரையைப் பார்ப்பார். அவளும் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அன்றைக்கு நிறுத்தவே இல்லை. அவள் கைதான் வலித்தது. மத்தியானம் வீரபாகு வாசலில் வந்து நின்று பார்த்தான்.

"இன்னாபா, உள்ள பலூன் வெச்சாங்களா, மோட்டார் வெச்சாங்களா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தறி ஓடியது.

பலூன் போட்டதிலிருந்து எட்டாம் நாள் காலை துணி மாற்றும்போது வலது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. சுற்றிலும் நாவற்பழக் கறையாக நிறம் மாறியிருந்தது. அவள் விரலை வைத்தாள். அது துடித்தது.

*

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் இருந்த ஸ்கேன் சென்டருக்கு ஆட்டோவில் கொண்டுபோனார்கள். பின்சீட்டில் முனிரத்தினம் காலை நீட்டிப் படுத்துக்கொள்ள, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு சம்பூர்ணம் இடுக்கிலே ஒடுங்கினாள். வீரபாகு டிரைவருக்குப் பக்கத்தில் தொற்றிக்கொண்டு வந்தான்.

உள்ளே ஆறு கர்ப்பிணிப் பெண்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு தண்ணீர் பாட்டில். நீர்ப்பை நிறைந்தால்தான் ஸ்கேனில் குழந்தை தெரியும் என்பதால் குடித்துக் குடித்து அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் குமுதவல்லிக்கு நாற்பது வயது இருக்கும். சின்ன காஞ்சிபுரத்துக்காரர். ரத்தம் ஓடுவதை நிறத்தில் காட்டும் மெஷினை அந்த வருஷம்தான் வாங்கியிருந்தார். கட்டியைத் தொட்டார். கையை எடுத்துக்கொண்டார். பெஞ்சில் இருந்த பெண்களிடம் போய், "கொஞ்சம் நேரம் ஆகும்மா" என்று சொல்லிவிட்டு வந்து கதவைச் சாத்தினார்.

ஸ்கேன் கருவியைத் தொடை இடுக்கில் வைத்ததும் திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒரு வட்டம் தெரிந்தது. வட்டத்தின் ஒரு பாதி சிவப்பு, மறு பாதி நீலம். இரண்டும் ஒன்றையொன்று துரத்திச் சுழன்றன. அழகாகத்தான் இருந்தது. சம்பூர்ணம் டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். அது அழகான ஒன்றைப் பார்க்கும் முகமாக இல்லை.

"ரத்தக்குழாய்ல போட்ட துளை மூடலம்மா. உள்ளுக்குள்ளயே ரத்தம் வெளிய வந்து, சதைக்குள்ள ஒரு பை மாதிரி நிக்குது. ஒவ்வொரு துடிப்புக்கும் போய்ட்டு வருது பாருங்க."

"அது தானா மூடிக்காதாம்மா?"

"சின்னதா இருந்தா மூடிக்கும். இது பெருசு. மேல தோல் வேற பளபளன்னு இழுத்துக்கிட்டு இருக்குது." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "நடந்தாரா?"

"ஒரு அடி நடக்கலமா."

"மாடிப்படி?"

"எங்க வூட்ல மாடியே இல்லமா."

"பளுவா எதையாவது தூக்கினாரா?"

"சொம்பைக்கூட நான்தாம்மா புடிச்சேன்."

டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே, "பின்ன எப்படி? அங்க சரியா அழுத்திப் பிடிக்கல போலிருக்கு" என்றார்.

சம்பூர்ணத்துக்கு அந்த இளவயது டாக்டரின் முகம் ஞாபகம் வந்தது. அழுத்தும்போது இரண்டு தடவை கை மாற்றினார். ஒரு தடவை கடிகாரம் பார்த்தார். பாவி, என்ன அவசரம் உனக்கு என்று மனதுக்குள் திட்டினாள். திட்ட ஒரு ஆள் கிடைத்தது அந்த நேரத்துக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

டாக்டர் சென்னைக்கு போன் போட்டார். இங்கிலீஷில் பேசினார். வைத்துவிட்டு வந்து சொன்னார்.

"தொடையை வெட்டித் திறந்து தைக்கலாமாம். ஆனா ரத்தம் உறையாம மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. கத்தி வெச்சா ரத்தத்தை நிறுத்தறது கஷ்டம். மாத்திரையை நிறுத்தினா இதயத்துல ரத்தம் கட்டிக்குமோன்னு பயப்படறாங்க. நேரா மூளைக்குப் போயிடும். இந்த ரோட்டுல குலுக்கிக்கிட்டு வர்றதும் ஆபத்து. முதல்ல இங்கயே ஸ்கேன்ல பாத்துக்கிட்டு அந்த ஓட்டையை அழுத்திப் பாக்கச் சொல்றாங்க."

"அழுத்தினா மூடிக்குமாம்மா?"

"பாதி பேருக்கு மேல மூடிக்குது."

மீதிப் பேருக்கு என்னவாகும் என்று அவள் கேட்கவில்லை.

*

டாக்டர் கருவியின் தலையைக் கட்டிக்குச் சற்றுக் கீழே வைத்து, இரண்டு கையாலும் உடம்பின் எடையைப் போட்டு அழுத்தினார். முனிரத்தினம் பல்லைக் கடித்தார். திரையில் சுழல் மெல்ல அடங்கி, வட்டம் கறுப்பானது. கீழே பெரிய குழாயில் மட்டும் சிவப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"இதான். காலுக்குப் போற ரத்தம் போகணும். பைக்குள்ள போறது நிக்கணும். பத்து நிமிஷம் இப்படியே. அசையக் கூடாது."

சம்பூர்ணத்துக்குச் செய்ய ஒன்றும் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். அவர் நெற்றியைத் துடைத்தாள். டாக்டர் நெற்றியைத் துடைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பத்து நிமிஷம் ஆனதும் டாக்டர் கையைத் தளர்த்தினார். சிவப்பும் நீலமும் உடனே திரும்பி வந்தன.

இரண்டாவது தடவை அழுத்தும்போது வலியை மறக்கடிக்க டாக்டர் பேச்சுக் கொடுத்தார்.

"மூச்சு எப்படி இருக்குது இப்போ?"

"மூச்சா?" வலியிலும் முனிரத்தினத்தின் முகம் மலர்ந்தது. "அத்த ஏன் கேக்கறீங்க டாக்டரம்மா. முன்ன பத்து ஊடு போட்டா உயிரு போயிட்டு வரும். இப்ப மூணு நாளா நிறுத்தாத ஓட்டிக்கினு இருக்கேன்."

"என்னத்தை ஓட்டறீங்க?"

"தறிதான்."

டாக்டர் அழுத்திய கையை எடுக்கவில்லை. தலையை மட்டும் திருப்பி சம்பூர்ணத்தைப் பார்த்தார். பிறகு முனிரத்தினம் பக்கம் திரும்பினார்.

"குழித்தறியா?"

"ஆமா."

"எந்தக் காலால மிதிப்பீங்க?"

"ரெண்டு காலாலயுந்தான். ஒத்தக் கால்ல எங்க நெய்யறது?" கேள்வி அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை மிதிக்க வேண்டியிருக்கும்?"

"யாரு எண்ணிக்கினு இருக்கறது. ஆயிரம் வரும். ரெண்டாயிரமும் வரும்."

சம்பூர்ணம் முந்தானையை விட்டுவிட்டாள்.

"நர்ஸம்மா சொன்னாங்கமா" என்றாள். "உக்காந்து பாக்கற வேலைன்னா பாக்கலாம்னு. நான் கேட்டேன்மா. கேட்டுட்டுத்தான்... நின்னுக்கினு பாக்கற வேலை இல்லியே அது."

"அவங்க ஆபீஸ் வேலைன்னு நினைச்சிருப்பாங்க."

"உக்காந்துதாம்மா இருந்தாரு."

"தெரியுதும்மா." டாக்டரின் குரலில் கோபம் இல்லை. இருந்தால் தேவலை என்று இருந்தது சம்பூர்ணத்துக்கு. "நான் இந்த ஊர்லயே பொறந்தவ. நானே நடந்தாரா, படி ஏறினாரான்னுதானே கேட்டேன். தறியில உக்காந்தாரான்னு எனக்குக் கேக்கத் தோணலயே."

முனிரத்தினம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

இளவயது டாக்டரின் முகம் அவள் மனதிலிருந்து போய்விட்டது. அந்த இடத்தில் தறிக்குழி வந்தது. அவர் அக்குளில் அவள் கொடுத்த கை வந்தது. மூன்று நாளும் ஒவ்வொரு மிதிச் சத்தத்துக்கும் அவள் நாடா தள்ளியிருந்தாள். ஒவ்வொன்றையும் காதால் கேட்டுச் சந்தோஷப்பட்டிருந்தாள். ஒவ்வொரு மிதிக்கும் தொடை மடங்கி, உள்ளே மூடப் பார்த்த ஓட்டை மறுபடி வாய் திறந்திருக்கிறது.

இரண்டாவது பத்து நிமிஷம் முடிந்தது. சிவப்பும் நீலமும் திரும்பி வந்தன.

மூன்றாவது தடவை நடுவில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"டாக்டரம்மா, இதுக்கு மேல அடக்க முடியாது. போய்ட்டு வந்து மறுபடி குடிக்கட்டா?"

"போய்ட்டு வாங்கம்மா. எல்லாரும் போய்ட்டு வாங்க."

வெளியே ஆறு ஜோடிக் கால்கள் ஒரே நேரத்தில் ஓடும் சத்தம் கேட்டது. முனிரத்தினத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கியது.

"சிரிக்காதீங்க, அசையுது!" என்றார் டாக்டர். திரையில் கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் எட்டிப்பார்த்தது. டாக்டர் இன்னும் குனிந்து அழுத்தினார்.

இந்தத் தடவை கையைத் தளர்த்தியபோது வட்டம் கறுப்பாகவே நின்றது. சம்பூர்ணம் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று துடிப்பு. ஓட்டை இருந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. நூலானது. நூல் நாடாவானது. பிறகு முழு வட்டமும் சுழன்றது.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். விரல்களை மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை.

"மாத்திரை உறைய விடமாட்டேங்குது" என்றார். "பை முன்னவிடப் பெருசாயிருக்கு. இனிமே இங்க வெச்சுக்கிட்டு இருக்கக் கூடாது."

*

ஆம்புலன்ஸாக ஓடும் சிட்டிபாபுவின் ஆம்னி வேனை வரச் சொன்னார்கள். சீட்டைக் கழற்றி ஸ்ட்ரெச்சர் போட்டிருக்கும் வண்டி. சென்னைக்கு இரண்டு மணி நேரம். அதுவரைக்கும் அந்த இடத்தை யாராவது கையால் அழுத்திக்கொண்டு போக வேண்டும். டாக்டரின் கை ஒரு பேனாவைக்கூடப் பிடிக்கவில்லை. கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல உதவிப்பெண் எழுதினாள்.

"நான் அழுத்தறேன் டாக்டர்" என்று வீரபாகு முன்னால் வந்தான்.

"கையை வைங்க. துடிப்பு தெரியுதா?"

காய்ப்பேறிய விரல்களை வைத்து அவன் சற்று நேரம் யோசித்தான். "இல்லியே."

"நீங்க வைங்கம்மா."

சம்பூர்ணம் வைத்தாள். உள்ளங்கைக்குக் கீழே அது தெளிவாகத் துடித்தது. கூண்டுக்குள் எதையோ பிடித்துவைத்தது மாதிரி.

"தெரியுதும்மா."

"ரொம்ப அழுத்தினா காலுக்கு ரத்தம் போகாது. பாதம் சில்லுன்னு ஆகும். அப்படி ஆனா கொஞ்சம் விடுங்க. லேசா விட்டா பை பெருசாகும். கையில துடிப்பு ஜாஸ்தியாத் தெரியும். அப்ப அழுத்துங்க. ஒரு கை இங்க. இன்னொரு கை பாதத்துல. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதும்மா. அந்தப் படம் இல்லாத எப்பிடிமா..."

"படம் வண்டியில வராதும்மா" என்றார் டாக்டர். வண்டிக் கதவை அவரே தோளால் தள்ளிச் சாத்தினார்.

ஊரைத் தாண்டும்வரை சிட்டிபாபு மெதுவாக ஓட்டினான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னாலேயே, "பள்ளம்மா, கெட்டியா புடிச்சிக்கோங்க" என்று குரல் கொடுத்தான். ஹைவேயில் ஏறியதும் வேகம் எடுத்தான். சம்பூர்ணம் வண்டித் தரையில் முட்டி போட்டு, இடது கையை நீட்டி அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். சுங்குவார்சத்திரம் வரைக்கும் எல்லாம் டாக்டர் சொன்னபடிதான் நடந்தது. துடித்தால் அழுத்தினாள். பாதம் குளிர்ந்தால் ஒரு நூலளவு விட்டாள்.

அவர் கண்ணை மூடியபடியே பேசினார்.

"உன் மேல ஒண்ணுமில்லடி. நான்தான் ஏறி உக்காந்தேன்."

"நான்தானே தூக்கி உக்கார வெச்சேன்."

"வீரபாகுவுந்தான் தூக்கனான்."

"ஆமாபா, கடைசில எம்மேல போடுங்க" என்றான் முன்சீட்டிலிருந்து வீரபாகு. யாரும் சிரிக்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் வந்தபோது அவள் தோளிலிருந்து ஒரு எரிச்சல் இறங்கியது. முழங்கையைத் தாண்டியது. மணிக்கட்டுக்கு வந்தது. அப்புறம் எரிச்சலும் போய்விட்டது. விரல்கள் இருந்த இடத்தில் கண்ணுக்குத்தான் விரல் தெரிந்தது.

துடிப்பு நின்றிருந்தது.

சந்தோஷப்பட்டு ஒரு கணம் நிமிர்ந்தாள். அடுத்த கணமே குனிந்தாள். நின்றது அதுவா, அவள் கையா?

இடது கையால் பாதத்தை அழுத்திப் பார்த்தாள். அந்தக் கையும் மரத்துக் கிடந்தது. சில்லென்று இருக்கிறதா, சூடாக இருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை.

"ஏங்க. துடிக்குதா?"

"கை உன்னுது. என்னைக் கேக்கற."

"எனக்குத் தெரியலீங்க."

அவர் கண்ணைத் திறந்தார். கொஞ்ச நேரம் எதையோ கேட்பதுபோல் இருந்தார்.

"எனக்குந்தான் தெரியல. இடுப்புக்குக் கீழ கால் இருக்குதான்னே தெரியல."

"வீரபாகு, பாதத்தைத் தொட்டுப் பாரு. சில்லுன்னுக்குதா?"

வீரபாகு சீட்டின் மேல் கவிழ்ந்து, கையை நீட்டித் தொட்டான். மறுபடி தொட்டான்.

"சில்லுன்னு இல்லக்கா. சூடாவும் இல்ல."

கையை மாற்றலாமா என்று நினைத்தாள். மாற்றுகிற அந்த நேரத்தில் என்ன ஆகும் என்று நினைத்தாள். துடிக்கிறது என்றால் அழுத்த வேண்டும். குளிர்கிறது என்றால் விட வேண்டும். இரண்டும் தெரியாதபோது என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

கூட்டவும் இல்லாமல் குறைக்கவும் இல்லாமல் கையை அப்படியே வைத்திருந்தாள்.

"பூந்தமல்லி வந்தாச்சும்மா" என்றான் சிட்டிபாபு. "இன்னும் முக்கால் மணி நேரந்தான்." சொல்லி வாய் மூடுவதற்குள் பிரேக்கை மிதித்தான். முன்னால் ஒரு லாரி சாலைக்குக் குறுக்கே நின்று, முன்னும் பின்னுமாக நகர்ந்து திரும்பிக்கொண்டிருந்தது. சிட்டிபாபு ஹாரனை அடித்தான். கதவைத் திறந்து கத்தினான். லாரிக்காரன் கையைக் காட்டினான், இரு என்று.

வண்டி நின்றது.